லாம்பு மிஸ்ஸி கண்டது

அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்த எங்களுக்கு அவர் லாம்பு மிஸ்ஸி. அங்கே வெள்ளை உடுத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு மிஸ்ஸிதான். ஆனால் இவர் தாதியில்லை. மருந்து தரமாட்டார், காய்ச்சல் பார்க்கமாட்டார். காலையில் கட்டில் கட்டிலாக வந்து நாங்கள் சளி துப்புகிற பேணிகளை மூடி, ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு போவார். பின்வளவில் ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருந்தது. அதன் யன்னல்களுக்கு உட்பக்கமாகக் கறுப்புத் துணி அடித்திருந்தது. பட்டப்பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு அதற்குள் லாம்பு ஏற்றிக்கொண்டு இருக்கிற மனுசி என்பதால் அந்தப் பெயர்.

உலக யுத்தம் முடிந்த காலம் அது. எங்கோ பட்டாளத்து ஆசுப்பத்திரி ஒன்று கலைந்தபோது, அந்த லாம்பும் அதோடு பூட்டுகிற, கிருமி பார்க்கும் நுணுக்குக்காட்டியும் வடகரையில் இருந்த எங்கள் நெஞ்சுநோய் ஆசுப்பத்திரிக்கு வந்து சேர்ந்தன என்று சொன்னார்கள். நான் போனபோது அது வந்து அதிக நாளாகவில்லை. என்னுடைய பிள்ளை அப்போது தவழவும் தொடங்காத பச்சைக் குழந்தை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு விடாமல் இருமினேன். ஒருநாள் சளியோடு இரத்தம் வந்தது. அடுத்த நாளே பிள்ளையை மச்சாளின் கையில், அதாவது என் கணவரின் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, கார் பிடித்து வந்து அந்த வாட்டில் படுத்தேன்.

லாம்பு மிஸ்ஸியின் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். பெண்கள் பூசிக் குளிக்கிற மஞ்சளில்லை. நகக்கண்ணுக்குள்ளும் தோல் மடிப்புக்குள்ளும் ஊறிப்போன, எலுமிச்சம்பழத் தோலைப் போன்ற ஒரு மஞ்சள். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. உடுப்பது கரையில்லாத வெள்ளைச் சீலை. கலியாணம் ஆகாதவரா, புருசனை இழந்தவரா, வேதக்காரியா, சைவமா? வாட்டில் நாள் முழுக்க இதே ஆராய்ச்சி. படுத்தே கிடக்கவேண்டிய ஆட்களுக்கு வேறு என்ன வேலை?

ஒருநாள் குருநகர் அக்கா துணிந்து கேட்டுவிட்டார். அவர் எனக்குப் பக்கத்துக் கட்டில், கடற்தொழில் செய்கிறவருடைய மனைவி, வாய்க்கு அஞ்சாதவர்.

"மிஸ்ஸி, நீங்கள் வெள்ளியிலை கோயிலுக்குப் போறனீங்களோ, ஞாயிறிலை போறனீங்களோ?"

"வெள்ளியும் எனக்கு வேலை. ஞாயிறும் வேலை."

வாட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைத்தானே சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு பேணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் அப்படித்தான். கண்டதைச் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லமாட்டார். இதை ஒரு நல்ல குணமென்று சொல்வதா, ஒரு குறையென்று சொல்வதா என்பது எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

குசினியில் சமைக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு விடியப்புறம் பாலும் முட்டையும் அவர் கையால்தான் வரும். ஒரு காலை, மேற்பார்வை மிஸ்ஸி வாட்டுக்குள் நிற்கும்போது லாம்பு மிஸ்ஸி வந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "சமையல்காரர் மடியிலை முட்டை வைச்சதைக் கண்டனான்."

"களவெடுத்தவரோ?"

"அது எனக்குத் தெரியாது. மடியிலை வைச்சதைக் கண்டனான்."

சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காகம் கொத்துகிறது, அதனால்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன் என்றார் அவர். காகம் கொத்துகிறது என்பது உண்மை; எங்கள் பாலிலும் கொத்தியிருக்கிறது. மடியில் வைத்ததும் உண்மை. ஒரு முடிவுக்கும் வரமுடியாமல் அந்த மனிதருக்கு ஏச்சு மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார். வாட்டில் பாதிப்பேர் லாம்பு மிஸ்ஸியோடு கதையை நிறுத்தினார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

குருநகர் அக்காவுக்கு மட்டும் அவரில் ஒரு பிடிப்பு. டொக்குத்தர், தாதிமார், பார்க்க வருகிற சொந்தக்காரர், எல்லோரும் அக்காவிடம் "சுகமாய் வரும், சுகமாய் வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பேணியைக் கொடுக்கும்போது அக்கா மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெய்யைச் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கு?"

"போன முறையை விட இந்த முறை கூடக் கண்டனான்."

"அப்ப நான் சாகப்போறனோ?"

"அது சளியிலை தெரியாது."

சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டை மறுகையில் ஏந்தியபடி நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அக்காதான் சிரித்து, "போங்கோ மிஸ்ஸி, உங்கடை வேலையைப் பாருங்கோ," என்று அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்சை பொய் சொல்லாத சீவன் உது ஒண்டுதான்," என்றார்.

அக்காவைச் சில கிழமைகளில் புருசன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அக்கா நடந்துதான் போனார், புருசனின் தோளில் சாய்ந்தபடி. சுகமாகிப் போனாரா, வீட்டில் சாகவேண்டும் என்று போனாரா, எனக்குத் தெரியாது.

என்னை எழுந்து நடக்க விட்ட பிறகு, காலை வெயிலுக்குப் பின்வளவில் இருப்பேன். ஆய்வுகூட வாசலில் மிஸ்ஸி கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக் காயவைப்பார். ஒருநாள் "ஏன் மிஸ்ஸி உந்த மஞ்சள்?" என்று கேட்டேன். அவர் இவ்வளவு கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"முந்திச் சிவப்புச் சாயம்தான் போடுறனாங்கள். சளியைக் கண்ணாடியிலை பூசி, சிவப்பை ஊத்திச் சூடு காட்டி, பிறகு அமிலத்தாலை கழுவுறது. மற்றது எல்லாம் சாயத்தை விட்டிடும். நெஞ்சுநோய் தாற கசக் கிருமி மட்டும் விடாது. சிவப்பாய் நிக்கும். ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது பெரிய பாடு. இந்த மஞ்சளும் அப்பிடித்தான், கழுவினாலும் விடாது. ஆனால் இருட்டிலை வைச்சு அந்த லாம்பின்ரை நீல வெளிச்சத்தை விட்டால், கிருமி தானாய் மினுங்கும். நீர் தேடத் தேவையில்லை."

"அப்ப உது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனால் பஞ்சுநாரும் மினுங்கும். சில தூசியும் மினுங்கும்."

"அப்ப எப்பிடி மிஸ்ஸி தெரியும்?"

அவர் ஒரு கண்ணாடித் துண்டை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். "பாத்துக்கொண்டே இருக்கவேணும்," என்றார்.

எனக்குப் புரிந்தமாதிரியும் இருந்தது, புரியாதமாதிரியும் இருந்தது.

பிறகு என் முறை வந்தது. மூன்று தடவை சிவப்புச் சாயத்தில் பார்த்தும் கிருமி இல்லை. பெரிய டொக்குத்தர் கட்டிலடியில் நின்று, "நீங்கள் வீட்டை போகலாம். பிள்ளையைப் போய்ப் பாருங்கோ," என்றார். நல்ல மனிதர், அதைச் சொல்லும்போது அவருக்கே சந்தோசமாக இருந்தது. அடுத்தநாள் என் கணவர் கார் பிடித்துக்கொண்டு வந்தார். நான் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். லாம்பு மிஸ்ஸி வந்து பக்கத்தில் நின்றார். கையில் பேணித் தட்டு இல்லை.

"நீர் போறீரோ?"

"ஓம் மிஸ்ஸி. போட்டு வாறன்."

"உம்மடை சளியிலை நான் ஒண்டைக் கண்டனான்."

மடித்த சீலை என் கையில் அப்படியே நின்றது. என் கணவர் இரண்டு எட்டில் வந்தார். "என்ன சொல்லுறியள்? டொக்குத்தர் இல்லையெண்டெல்லோ சொன்னவர்?"

"சிவப்பிலை இல்லை. மஞ்சளிலை மினுங்கினது."

"அப்ப கிருமியோ?"

"கிருமி மாதிரி இருந்தது. நாராயும் இருக்கலாம்."

என் கணவர் தோட்டம் செய்கிறவர். புகையிலைக்கு நோய் வந்தால் இலையைப் பார்த்தே வந்துவிட்டது, வரவில்லை என்று சொல்கிற மனிதர். "பொறும்," என்று எனக்குச் சொல்லிவிட்டு நேரே டொக்குத்தரிடம் போனார். டொக்குத்தர் கோபப்படவில்லை என்று பிறகு சொன்னார். "அந்த லாம்பு எங்களுக்கு இன்னும் பிடிபடேல்லை. பழைய முறையிலை மூண்டு தரமும் இல்லை. அதைத்தான் நான் நம்பலாம்," என்றாராம்.

கணவர் டொக்குத்தரிடம் போயிருந்த நேரத்தில் மிஸ்ஸி என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அந்த அறைக்குள் நான் போனது அந்த ஒரு முறைதான். கதவைச் சாத்தியதும் கண் தெரியவில்லை. சூடான இரும்பு மணமும் சாராய மணமும் அடித்தன. என் தோளைப் பிடித்து இருத்தி, கண்ணை ஒரு குழாயில் வைக்கச் சொன்னார். முதலில் வெறும் கறுப்பு. அவர் எதையோ திருகினார். கறுப்புக்குள் ஒரு சின்னக் கீறு தெரிந்தது. தங்க மஞ்சள். அவ்வளவு வடிவான ஒன்றை நான் அந்த ஆசுப்பத்திரியில் கண்டதில்லை. அது என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"கண்டீரோ?"

"ஓம்."

"என்ன மாதிரி இருக்கு?"

"எனக்கு என்ன தெரியும் மிஸ்ஸி? நீங்கள்தானே சொல்லவேணும்!"

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கேட்டேன்: "உங்கடை பிள்ளையெண்டால் தூக்குவீங்களோ?"

"அதை என்னட்டைக் கேக்காதையும்," என்றார். எந்தக் கேள்விக்கும் உள்ளதைச் சொல்கிறவர் சொல்லாமல் விட்டது அதை ஒன்றைத்தான். பிறகு சொன்னார்: "மிச்சச் சளியைக் கொழும்புக்கு அனுப்புறன். அங்கை கினிப்பண்டி எண்டு முயல் மாதிரி ஒரு சின்னப் பிராணிக்கு அதை ஊசியாலை ஏத்துவினம். அதுக்கு நோய் வருதோ எண்டு பாப்பினம். கனநாள் செல்லும். நான் வந்து சொல்லுறன்."

நான் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீடு மருதனார்மடத்துக்குக் கிட்ட. படலையைத் திறக்க, மச்சாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை நடக்கிற வயதுக்கு வந்துவிட்டது. என்னைக் கண்டு முகத்தைத் திருப்பி மச்சாளின் கழுத்துக்குள் புதைத்தது. மச்சாள் சிரித்துக்கொண்டு பிள்ளையை என் பக்கம் நீட்டினார். "அம்மா வந்திட்டா, போ."

நான் கையை நீட்டவில்லை.

வளவின் மூலையில் புகையிலை போடுகிற கொட்டில் ஒன்று இருந்தது. அதைத் துப்புரவாக்கி அதற்குள் இருந்தேன். என் தட்டு வேறு, செம்பு வேறு. பிள்ளை முற்றத்தில் விளையாடும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நாளாக நாளாக அது என்னிடம் பயம் தெளிந்து கிட்ட வரத் தொடங்கியது. வரும்போதெல்லாம் நான் தள்ளிப் போகச் சொல்லி, "அங்காலை போ, பிள்ளை, அங்காலை போ," என்பேன். அதற்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வந்து நின்று நான் சொல்லும்வரை காத்திருந்து, சிரித்துவிட்டு ஓடும். ஒருநாள் மச்சாளிடம் என்னைக் காட்டி, "அங்காலை," என்றது. கூப்பிடுகிற பெயராகச் சொன்னது. மச்சாள் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதார். மச்சாளைத்தான் அது அம்மா என்றது.

"டொக்குத்தர் விட்டவர்தானே? பிறகென்ன விசரோ உனக்கு?" என்று மச்சாள் கேட்பார். கணவர் ஒருநாள், "தூக்கும், ஒண்டும் ஆகாது," என்பார். அடுத்தநாள் அவரே, "எதுக்கும் பொறுப்பம்," என்பார். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற பக்கத்து வீட்டார் வராமல் விட்டார்கள். பெற்ற தாயே பிள்ளையைத் தொடுகிறாளில்லை என்றால் நோய் இருக்கத்தானே வேண்டும் என்று கதைத்தார்களாம். அவர்களில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில நாட்களில் அந்த மனுசியைக் கும்பிடவேண்டும் போலிருக்கும். சில நாட்களில் மண்ணள்ளித் தூற்றவேண்டும் போலிருக்கும். இரண்டும் ஒரே நாளில் வந்ததும் உண்டு.

ஒரு மத்தியானம், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறார். செருப்பெல்லாம் செம்மண். படலையடியில் நின்றே சொன்னார்.

"கினிப்பண்டி செத்துப்போச்சுது."

மச்சாள் வாசலில் இருந்து "ஐயோ!" என்றார்.

"கசத்தாலையோ எண்டு தெரியாது. அங்கை கூட்டுக்குள்ளை வேறை ஒரு வருத்தம் வந்து எல்லாம் செத்ததாம். உம்மடையதும் அதோடை செத்தது. வெட்டிப் பாத்தவை. கசத்தின்ரை அடையாளம் இல்லையாம். ஆனால் அந்த அடையாளம் வாறதுக்குக் காலமும் போதாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. புதிதாகச் சளி தரமுடியுமா என்று கேட்டார். எனக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. வெறும் எச்சில்தான் வந்தது. அதைப் பார்த்துப் பலனில்லை என்றார்.

மச்சாள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு பொரிந்து தள்ளினார். "நீ என்ன மனுசி? ஒண்டில் இருக்கெண்டு சொல்லு. இல்லாட்டில் இல்லையெண்டு சொல்லு. இந்தப் பிள்ளையைப் பார். தாயைப் பார். ரெண்டும் கெட்டானாய் வைச்சு எங்களைக் கொல்லுறியே!"

"எனக்கும் ஆசைதான்," என்றார் லாம்பு மிஸ்ஸி.

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். பிள்ளை அவரிடம் போய், அந்த மஞ்சள் விரல்களைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மூக்குப்பேணி கையிலிருந்து விழுந்து தேத்தண்ணி மண்ணில் ஊறியது. அதற்கு மன்னிப்புக் கேட்டார். மற்றதற்குக் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே போனார்.

நான் பிள்ளையைத் தூக்கியது மாரி தொடங்கின பிறகு. யோசித்து முடிவெடுத்துத் தூக்கவில்லை. கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்தது. நான்தான் கிட்ட நின்றேன். ஓடிப்போய் வாரி எடுத்துவிட்டேன். விழுந்ததற்கு அழாத பிள்ளை, நான் தூக்கியதற்கு வீரிட்டு அழுதது. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அம்மா, அம்மா," என்று மச்சாளைக் கூப்பிட்டது. நான் மச்சாளிடம் கொடுத்தேன். அதன் பிறகு கொட்டிலை விட்டு வீட்டுக்குள் வந்தேன்.

எனக்கு நோய் திரும்ப வரவில்லை. பிள்ளைக்கும் வரவில்லை. அவர் கண்டது நார் என்பதாலா? அல்லது கிருமிதான், நான் விலகி இருந்ததால் பிள்ளை தப்பியதா? இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு பக்கம் பார்த்தால் பிள்ளையின் உயிரைத் தந்தவர். மறுபக்கம் பார்த்தால் பிள்ளை மடியில் கிடக்கவேண்டிய காலத்தை என்னிடமிருந்து எடுத்தவர். இரண்டில் ஒன்றுதான் உண்மை. எது என்பதை ஒரு கினிப்பண்டி சொல்லியிருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி என்னையும் அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்த காலம். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த கைகளைத்தான் முதலில் கண்டேன். அந்த விரல்களில் மஞ்சள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். தலை நரைத்திருந்தது. சீலை அதே வெள்ளை. லாம்பு எரிந்துபோய்விட்டது, அதற்குப் பதில் வரவில்லை, இப்போது வேறு இடத்தில் வேலை என்றார்.

மகளைப் பார்த்தார். "இருமல் இருக்கோ?"

"இல்லை மிஸ்ஸி."

"அது நல்லது." பிறகு, "ஆனால் அதாலை ஒண்டும் சொல்லேலாது," என்றார்.

"தெரியும்."

காய்க்காரி நிறுத்துக் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டார். போகவில்லை. முன்பு குருநகர் அக்காவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப்போலவே நின்றார். இந்த முறை வாய் திறந்தது.

"நான் சொல்லாமல் விட்டிருக்கவேணுமோ?"

இத்தனை வருடமும் அவரைக் கண்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோபமாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நன்றியாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"எனக்குத் தெரியேல்லை மிஸ்ஸி."

அவர் தலையை ஆட்டினார். நான் ஏதோ சரியான விடையைச் சொல்லிவிட்டதுபோல, அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. "ஓம்," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார்.

"ஆரம்மா அவ?" என்று மகள் கேட்டாள்.

"நீ சின்னனாய் இருக்கேக்கை உன்னைத் தூக்கவேண்டாம் எண்டு சொன்னவ," என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது. "இல்லை, பிள்ளை. அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"பின்னை?"

நான் காய்ப் பையை நிலத்தில் வைத்துவிட்டு, சந்தைக்கு நடுவில், அவளை இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன். வளர்ந்துவிட்ட பிள்ளை. கால்கள் என் முழங்காலுக்குக் கீழே தொங்கின. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள்.

"இறக்கிவிடுங்கோ அம்மா," என்றாள் மெதுவாக. "எல்லாரும் பாக்கினம்."

இறக்கிவிட்டேன்.